நிணநீரும் நீவும் கையும்

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கப் பால்மானி இருக்கிறது. காய்ச்சல் எவ்வளவு என்று சொல்ல வெப்பமானி இருக்கிறது. ஆனால் ஒருவர், “கை கனக்கிறது, வலிக்கிறது, பிடித்த பொருள் நழுவுகிறது, தொட்டால் மரத்தாற்போல் இருக்கிறது” என்று சொன்னால் அதை எந்தக் கருவியால் அளப்பீர்கள்? ஒரு மாதம் மருத்துவம் செய்த பின் அவரே “இப்போது தேவலை” என்றால், அந்தத் தேவலை எவ்வளவு என்று எப்படிச் சொல்வீர்கள்?

இது வீண் கேள்வி அன்று. மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை மருத்துவம் செய்துகொண்ட பெண்களில் ஒரு பகுதியினருக்குச் சில மாதங்களிலோ, பல ஆண்டுகள் கழித்தோ அந்தப் பக்கத்துக் கை வீங்கிவிடுகிறது. அவர்களுக்குச் செய்யப்படும் மருத்துவங்களுள் ஒன்று, தோலை மிக மென்மையாக நீவிவிடுவது. நிணநீர் நீவுதல் என்று அதனைச் சொல்லலாம். வாரக்கணக்கில் தொடர்ந்து செய்ய வேண்டியது. காசும் நேரமும் பிடிப்பது. வீக்கம் வடியும், வலி தீரும், வலிமை கூடும், மரத்த இடத்தில் உணர்வு திரும்பும் என்று இதற்குப் பல பெருமைகள் சொல்லப்படுகின்றன. இவற்றுள் எது மெய், எது மிகை என்று அறிய முதலில் அளக்கத் தெரிய வேண்டும். அளக்கக் கற்றுக்கொண்ட அந்தக் கதையைத்தான் இங்கே காணப் போகிறோம்.

வெண்ணிற இழைகள்

1622ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள். இத்தாலியின் மிலான் நகரில் கஸ்பாரே அசெல்லி என்னும் மருத்துவர், வயிறு நிறையத் தின்றிருந்த ஒரு நாயை அறுத்து நண்பர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் காட்ட நினைத்தது நரம்புகளை. குடலைத் தாங்கும் சவ்வின்மேல் வெள்ளை வெளேரென்ற மெல்லிய இழைகள் பரவிக் கிடந்தன. இவையும் நரம்புகளே என்று எண்ணி ஒன்றைக் கத்தியால் கீறினார். பால் போன்ற நீர்மம் வெளிப்பட்டது! நரம்பிலிருந்து பால் வருமா? மறுபடியும் பார்க்க வேண்டுமென்று இன்னொரு நாயை அறுத்தார். ஓர் இழையும் தென்படவில்லை. யோசித்துப் பார்த்தபோதுதான் இரண்டாவது நாய் பட்டினி கிடந்தது என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. உணவு தந்து மீண்டும் சோதித்தார், இழைகள் தோன்றின. குடலிலிருந்து கொழுப்பை ஏந்திச் செல்லும் நிணநீர் நாளங்களே அவை. 1625இல் அசெல்லி இறந்துபோனார். அவருடைய நூல் 1627இல் வண்ணப் படங்களுடன் வெளிவந்தது.

அந்தப் பால் எங்கே போகிறது? 1651இல் பிரான்சு நாட்டின் ழான் பெக்கே, அது மார்புக்குள் ஏறும் ஒரு நாளத்தின் வழியே கழுத்தருகேயுள்ள சிரையில் கலக்கிறது என்று காட்டினார். அடுத்த ஓரிரண்டு ஆண்டுகளில் சுவீடனின் ஓலாஃப் ருட்பெக்கும் டென்மார்க்கின் தாமஸ் பார்தோலினும், இத்தகைய நாளங்கள் குடலில் மட்டுமல்ல, உடலெங்கும் உள்ளன என்று தனித்தனியே கண்டனர். யார் முதலில் கண்டது என்பது பற்றி இருவருக்கும் பெரிய பூசல். அதுவரை குருதியை உண்டாக்குவது கல்லீரலே என்று நம்பியிருந்தார்கள். உணவின் சாறு கல்லீரலுக்குப் போகாமலே குருதியில் கலக்கிறது என்று தெரிந்ததும், பார்தோலின் கல்லீரலின் பழைய பெருமைக்குக் கல்லறை வாசகமே எழுதிவிட்டார். (கல்லீரலுக்கு வேறு வேலைகள் எத்தனையோ உண்டு என்பது பின்னர்த் தெரிந்தது!)

நிணநீர் எதற்காக ஓடுகிறது என்ற கேள்விக்கு இயற்பியல் முறையில் விடை சொன்னவர் இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஸ்டார்லிங். ஆண்டு 1896. மிக நுண்ணிய குருதிக் குழாய்களாகிய தந்துகிகளின் சுவர் வழியே குருதியின் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. குருதியில் கரைந்துள்ள புரதங்களின் சவ்வூடு அழுத்தம் நீரை உள்ளே இழுக்கிறது. இவ்விரண்டின் வேறுபாடே நீர் எவ்வளவு கசியும் என்பதை முடிவு செய்கிறது. கசிந்த நீரில் பெரும்பகுதி தந்துகியின் மறுமுனையில் திரும்ப உறிஞ்சப்படுகிறது என்று பாடநூல்கள் நெடுங்காலம் கூறி வந்தன. 2010இல் லெவிக், மைக்கேல் என்னும் இரு இங்கிலாந்து அறிஞர்கள் சான்றுகளைத் திரட்டி அதனைத் திருத்தினர். உடலின் பெரும்பாலான திசுக்களில் தந்துகி நெடுகிலும் நீர் வெளியேறிக்கொண்டேதான் இருக்கிறது. அதனைத் திரும்பக் கொண்டு சேர்ப்பது ஏறத்தாழ முழுவதும் நிணநீர் நாளங்களின் பொறுப்பு. நாளொன்றுக்கு இவை திரட்டும் நீர் சுமார் 8 லிட்டர் என மதிப்பிடப்படுகிறது. நம் குருதியில் உள்ள பிளாஸ்மா மொத்தமே 3 லிட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவு நீரை ஏற்றி இறக்க நிணநீருக்கென்று ஓர் இதயம் இல்லை. தொடக்க நாளத்தின் சுவரில் உள்ள செல்கள் ஓட்டுக்கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்து, உள்நோக்கி மட்டும் திறக்கும் கதவுகளாக இருக்கின்றன. மிதிவண்டிக் குழாயின் வால்வு காற்றை ஒருவழியாக விடுவதைப் போன்றது இது. ஒவ்வொரு கதவும் சுற்றியுள்ள திசுவோடு நுண்ணிழைகளால் கட்டப்பட்டிருக்கிறது. தோல் இலேசாக இழுபட்டால் இழை இழுபடும், கதவு திறக்கும். சற்று உட்புறமுள்ள நாளங்களோ தாமே சுருங்கி விரிந்து நீரை உந்துகின்றன. ஆகவே இங்கே தோலை இலேசாக இழுத்துவிடுவதே பொருத்தம். அழுத்திப் பிசைந்தால் நாளங்கள் நசுங்கி அடைபடும்.

கணுவை அகற்றியதும் கை வீங்கியதும்

நிணநீர் போகும் பாதையில் ஆங்காங்கே கணுக்கள் உள்ளன. அக்குளில் அவை கூட்டமாக இருக்கின்றன. மார்பகப் புற்றுநோய் பரவும் முதல் வழியும் அதுவே. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவர், மார்பகத்தையும் அதன் கீழுள்ள தசைகளையும் அக்குள் கணுக்களையும் ஒருசேர அகற்றும் முறையை 1894இல் விரிவாக வெளியிட்டார். பல உயிர்களைக் காப்பதாக நம்பப்பட்ட அந்த முறை எழுபது, எண்பது ஆண்டுகள் உலகெங்கும் கையாளப்பட்டது. ஆனால் நிணநீருக்கு வழி அடைபட்டதால் பலருக்குக் கை பருத்தது. 1921இல் ஹால்ஸ்டெட்டே இதுபற்றி எழுதியபோது, அறுவையால் விளைந்த யானைக்கால் என்ற பொருளில் ஒரு பெயரைச் சூட்டினார். உவமை பொருத்தமானதே. நம் நாட்டில் கொசு பரப்பும் யானைக்கால் நோயிலும் புழுக்கள் நிணநீர் நாளங்களில் தங்கி அவற்றைக் கெடுப்பதால்தான் கால் வீங்குகிறது. காரணம் வேறு, கெடும் குழாய் ஒன்று.

இத்தகைய வீக்கத்துக்கு நீவுதலைக் கையாண்டவர்களில் முன்னோடி, வியன்னாவில் பயின்று பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஃபான் வினிவார்ட்டர். உறுப்பை உயர்த்தி வைத்தல், துணியால் இறுகக் கட்டுதல், நீவுதல், உடற்பயிற்சி ஆகியவற்றை இணைத்து 1892இல் அவர் எழுதினார். பிறகு அது மறக்கப்பட்டது. 1930களில், மருத்துவப் படிப்பை முடிக்காத டென்மார்க்காரர் எமில் ஃபோடர், தம் மனைவி எஸ்ட்ரிடுடன் பிரான்சின் கான் நகரில் உடல் பிடித்துவிடும் தொழில் செய்து வந்தார். ஓயாத சளியால் வருந்தி வந்தவர்களின் கழுத்தில் கணுக்கள் வீங்கியிருப்பதைக் கண்டார். கணுக்களைத் தொடவே கூடாது என்பது அன்றைய மருத்துவரின் கருத்து. ஃபோடர் துணிந்து, வட்டமிடும் மிக மெல்லிய நீவுதல்களை வகுத்து, 1936இல் பாரிசில் அறிமுகப்படுத்தினார். மருத்துவ உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெர்மானிய மருத்துவர் அஸ்டொங்க் 1960களில் இதனைச் சோதித்தார். அங்கேரியிலிருந்து ஜெர்மனி வந்த மிஹாய் ஃபெல்டி இதோடு கட்டு, பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகியவற்றைச் சேர்த்து ஒரே மருத்துவமாக்கினார். ஆக, வினிவார்ட்டர் சொன்ன இடத்துக்கே சுற்றி வந்து சேர்ந்தார்கள்.

தொட்டியும் டம்ளரும்

வீக்கத்தை அளப்பது எளிது. ஆர்க்கிமிடீஸ் கற்றுத் தந்த வழி இருக்கிறது. விளிம்பு வரை நீர் நிரம்பிய உயரமான பாத்திரத்தில் கையை மெல்ல விட்டால், வழியும் நீரின் பருமனே கையின் பருமன். இரு கைகளுக்கும் 200 மில்லிலிட்டர் வேறுபாடு இருந்தால் வீக்கம் எனக் கொள்வது பரவலான வழக்கம். அதாவது ஏறத்தாழ ஒரு டம்ளர் தண்ணீரை எந்நேரமும் தோலுக்குள் சுமந்துகொண்டிருப்பது!

இந்த அளவுகோல் நீவுதலைப் பற்றி என்ன சொல்லிற்று? ஆறு ஆய்வுகளை ஒருங்கே எடுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. அழுத்தக் கட்டினால் மட்டுமே வீக்கம் 30 முதல் 39 விழுக்காடு வரை குறைந்தது. கட்டோடு நீவுதலையும் சேர்த்தபோது மேலும் சுமார் 7 விழுக்காடு குறைந்தது. பெரும்பங்கு கட்டினுடையது, நீவுதலுக்குச் சிறு பங்கு உண்டு. வீக்கம் வராமலே தடுக்குமா என்று பெல்ஜியத்தின் லூவன் நகரில் 160 பேரைக் கொண்டு ஆராய்ந்து 2011இல் வெளியிட்டனர். ஓராண்டு முடிவில் நீவப்பட்டவர்களில் 24 விழுக்காட்டினருக்கும், நீவப்படாதவர்களில் 19 விழுக்காட்டினருக்கும் வீக்கம் வந்திருந்தது. இவ்வேறுபாடு தற்செயலானதாகக் கொள்ளத்தக்க அளவே. ஆனால் நீவுதல் தடுத்தது என்று சொல்ல அதில் இடமில்லை. அதே 2011இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், தோலுக்கடியில் ஒளிரும் சாயத்தைச் செலுத்திப் படம் பிடித்தபோது, நீவிய பின் நிணநீரின் வேகம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடியது கண்ணுக்கே தெரிந்தது. ஆகவே நீவுதல் நிணநீரை நகர்த்துகிறது என்பது உண்மை. நகர்ந்தது நகர்ந்தபடி நிற்க வேண்டுமானால் கட்டு வேண்டும்.

இனி வலிக்கு வருவோம். வலிக்கு மானி இல்லை. 1970களில் பரவலான முறை மிக எளியது: 10 சென்டிமீட்டர் கோடு ஒன்று வரைந்து, ஒரு முனை வலியே இல்லை, மறு முனை தாங்க முடியாத வலி என்று சொல்லி, நோயாளியையே ஒரு குறி இடச் செய்வது. மேற்சொன்ன மதிப்பாய்வில் ஒரு விந்தை வெளிப்பட்டது. எந்த மருத்துவம் பெற்றவராயினும் 60 முதல் 80 விழுக்காட்டினர் வலியும் கனமும் தேவலை என்றனர்! இதனால் அவர்கள் பொய் சொன்னார்கள் என்று ஆகாது. ஒருவர் தம்மைக் கவனிக்கிறார் என்பதே வலியைக் குறைக்கும். மாத்திரையானால் வெறும் சர்க்கரை மாத்திரையை ஒரு குழுவுக்குக் கொடுத்து ஒப்பிடலாம். நீவாமல் நீவியதுபோல் காட்ட முடியுமா? இதுதான் இத்தகைய ஆய்வுகளின் தீராத சங்கடம்.

நிணநீருக்குத் தொடர்பில்லாமலே நீவுதல் வலியைத் தணிக்க வழியும் உண்டு. இடித்துக்கொண்ட முழங்கையை நாம் உடனே தேய்த்துவிடுகிறோம் அல்லவா? தொடுதலின் செய்தி முதுகுத்தண்டில் வலியின் செய்திக்குக் கதவடைக்கிறது என்று மெல்சாக், வால் இருவரும் 1965இல் விளக்கம் தந்தனர். விவரங்களில் பின்னர்த் திருத்தங்கள் நேர்ந்தன. கதவு என்னும் கருத்து நிலைத்தது. பின்னர் சுவீடன் நாட்டினர், முடி முளைக்கும் தோலில் ஒருவகை மெல்லிய நரம்பிழைகள் உள்ளன என்றும், நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெதுவாக வருடும்போதே அவை மிகுதியாகத் தூண்டப்படுகின்றன என்றும் கண்டனர். குழந்தையைத் தாய் வருடும் வேகமும் ஏறக்குறைய அதுவே.

மயிரிழைத் தராசு

தொடுவுணர்வை அளந்த கதைதான் இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு மிகவும் பிடித்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் எர்னஸ்ட் ஹைன்ரிக் வேபர் 1834இல் வெளியிட்ட சோதனையை நீங்கள் இன்றைக்கே செய்யலாம். ஜியாமெட்ரி பெட்டியில் இரு முனையும் ஊசியாக உள்ள கவையை எடுங்கள். நண்பரைக் கண்ணை மூடச் சொல்லி, அவருடைய விரல் நுனியில் இரு முனைகளையும் ஒரே சமயம் மெல்ல வையுங்கள், குத்த வேண்டாம். 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே “இரண்டு” என்பார். முதுகிலோ 4 சென்டிமீட்டர் இடைவெளி வைத்தும் “ஒன்று” என்று சாதிப்பார்!

இது எவ்வளவு நெருக்கமாக உணர முடியும் என்பதைச் சொல்கிறது. எவ்வளவு இலேசான தொடுதலை உணர முடியும்? இதற்குத் தோலின்மேல் ஒரே சீரான, மிகச் சிறிய விசையைச் செலுத்த வேண்டும். சோதிப்பவரின் கையோ நடுங்கும். 1890களில் மாக்ஸ் ஃபான் ஃப்ரை இதற்குக் கண்ட வழி வியப்பூட்டுவது. குதிரை மயிரையும் மனித மயிரையும் துண்டு துண்டாக நறுக்கிக் குச்சியின் நுனியில் ஒட்டினார். மயிரின் முனையைத் தோலில் வைத்து அழுத்தினால் விசை ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் மயிர் வளைந்துவிடும். வளைந்த பின் மேலும் அழுத்தினாலும் விசை ஏறுவதில்லை. ஆகவே கை நடுங்கினாலும் தோலுக்குக் கிடைக்கும் விசை மாறாது.

ஏன் அப்படி? நெட்டையான தூணின் தலையில் பாரம் ஏற்றினால் எப்போது வளையும் என்று 1744இல் லியோனார்ட் ஆய்லர் கணக்கிட்டிருந்தார். அந்த விசை, தூணின் விட்டத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்திலும், நீளத்தின் இருபடிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். விட்டம் இருமடங்கானால் விசை 16 மடங்கு. நீளம் பாதியானால் 4 மடங்கு. பாலத்தைத் தாங்கும் தூணுக்கான விதியே மயிருக்கும் பொருந்துகிறது. தூண்டில் நைலான் நரம்பில் 4 சென்டிமீட்டர் நறுக்கிக் குச்சியில் ஒட்டி, மின்னணுத் தராசின் தட்டில் செங்குத்தாக அழுத்திப் பாருங்கள். நரம்பு வளையத் தொடங்கியதும் எண் ஏறாமல் நின்றுவிடும்.

மயிரில் ஒரு குறை உண்டு. மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும். 1960இல் அமெரிக்காவின் ஜோசஃபின் செம்மஸ், சிட்னி வைன்ஸ்டைன் என்பவர்கள், மூளையில் காயமுற்றவர்களைச் சோதிப்பதற்காக மயிருக்குப் பதில் நைலான் இழைகளைக் கொண்டுவந்தனர். ஒவ்வோர் இழைக்கும் ஓர் எண். விசையை மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்காகக் கணக்கிட்டு எடுத்த மடக்கையே அந்த எண். 2.83 என்ற இழை வெறும் 0.07 கிராம், நலமுள்ள விரல் அதனை உணரும். மடக்கை அட்டவணை எதற்கென்று கேட்கும் மாணவர்களுக்கு இதனை நான் சொல்வதுண்டு. உணர்விழந்த கை தன்னைத்தானே எப்படிப் புண்ணாக்கிக்கொள்ளும் என்பதைத் தொழுநோயாளிகளிடம் கண்டு சொன்ன பால் பிராண்ட், 1946 முதல் நம் வேலூரில் பணியாற்றியவர். 1966இல் அவர் சென்று சேர்ந்த அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் இந்த இழைகள் அன்றாடக் கருவியாகச் செப்பம் பெற்றன.

வீங்கிய கையில் தொடுவுணர்வு குறையக் காரணம் ஒன்றல்ல. அக்குளைத் திறக்கும்போது, விலாவிலிருந்து மேற்கையின் உட்புறத்துக்கு வரும் ஒரு மெல்லிய உணர்வு நரம்பு பெரும்பாலும் வெட்டுப்படுகிறது அல்லது இழுபடுகிறது. மேற்கையின் உள்பக்கம் மரத்திருப்பது இதனால்தான். அறுந்த தந்திக் கம்பியைத் தடவிக்கொடுத்துச் செய்தி அனுப்ப முடியாதல்லவா? ஆனால் வீக்கம் மணிக்கட்டின் குறுகிய வழியில் நரம்பை நெருக்குவதால் விரல்கள் மரத்திருந்தால், வீக்கம் வடியும்போது நெருக்கடியும் தளர இடமுண்டு. ஆகவே “உணர்வு திரும்புமா?” என்று கேட்பவரிடம், எந்த இடம் மரத்திருக்கிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். இன்னொன்று: கை திடீரென்று சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் கண்டாலோ, இரத்தம் உறைந்த ஐயம் இருந்தாலோ நீவவே கூடாது, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பிடியின் வலிமை

கைப்பிடியின் வலிமையை அளக்கும் கருவியைப் பாரிசின் எட்மே ரெனியே 1798இல் வெளியிட்டார். நீள்வட்ட வடிவ எஃகு வில். அமுக்கினால் முள் நகரும். இதனை எடுத்துக்கொண்டு 1800இல் ஆஸ்திரேலியா நோக்கிக் கப்பலேறிய பிரான்சுவா பெரோன், அங்குள்ள பழங்குடியினரையும் திமோர்த் தீவினரையும் அமுக்கச் செய்து, ஐரோப்பியரே வலியவர் என்று முடிவு கட்டினார். முன்பின் கண்டிராத கருவியை, முன்பின் அறியாத அந்நியன் நீட்ட, எதற்கென்று தெரியாமல் அமுக்கியவர்களையும், பழகிய மாலுமிகளையும் ஒப்பிட்ட அந்தக் கணக்கு இன்று யாராலும் ஏற்கப்படுவதில்லை. கருவியில் பிழை இல்லை. ஒப்பிட்ட முறையில்தான் பிழை.

வீங்கிய கையின் வலிமைக் குறைவிலும் இப்படியொரு சிக்கல் இருந்தது. வீக்கம் மிகும் என்று அஞ்சி, “அந்தக் கையால் கனமான எதையும் தூக்காதே” என்று மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வந்தனர். குடத்தைத் தூக்காதே, குழந்தையைத் தூக்காதே. பயன்படாத தசை மெலியும். மெலிந்த கையால் சிறு சுமையும் முடியாமல் போகும். பிறகு கை பலவீனமாகிவிட்டது என்று நீவிவிடச் சொல்வார்கள். தோலை நீவினால் தசை வளருமா?

இந்த அறிவுரையை அமெரிக்காவின் காத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் சோதித்து 2009இல் வெளியிட்டனர். வீங்கிய கையுடைய பெண்கள் 141 பேர், இரு குழுக்கள். ஒரு குழுவினர் அழுத்த உறை அணிந்து, தேர்ந்தவர் மேற்பார்வையில் வாரம் இருமுறை, மிகச் சிறிய எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கனம் தூக்கினர். மற்றவர் வழக்கம்போல இருந்தனர். ஓராண்டு கழித்து எல்லாரும் நீர்த் தொட்டியில் கையை நனைத்தனர். கை கணிசமாகப் பருத்தவர்கள் தூக்கிய குழுவில் 11 விழுக்காடு, தூக்காத குழுவில் 12 விழுக்காடு. வீக்கம் திடீரென முற்றி மருத்துவம் தேவைப்பட்டோர் தூக்கியவரில் 14 விழுக்காடு, தூக்காதவரில் 29 விழுக்காடு. வலிமை கூடியதோ தூக்கியவர்களுக்கு.